டாக்டரம்மா பதில்கள்: இந்த மாதம் கல்லீரல்

போன இதழில் குடல்புண் பற்றிய பதில்களை முடிக்கும்போது, அடுத்து கல்லீரல், கேள்விகளை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான்: "வலியே இல்லையே டாக்டரம்மா, அப்புறம் எப்படி நோய் என்கிறார்கள்?" கல்லீரலின் உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் உண்டு. வீங்கி, உறை இழுபட்டால்தான் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் தெரியும். அதனால் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் கூட இருப்பவர்கள்தான். அரசு மருத்துவமனை வார்டில் 31 வருடம் நான் பார்த்தது இது. கீழே உள்ள பதில்களில் அதையே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

"அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கல்லீரலின் வேலை என்ன என்று கேட்டால், பித்தநீர் சுரப்பது என்று ஒரே வரி எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மனதில் பதியும்படி எப்படிச் சொல்லலாம்?"
ஓர் ஆசிரியை, மணப்பாறை

ஒரு இட்லியின் பின்னாலேயே போகச் சொல்லுங்கள் டீச்சர். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி செரித்து, சர்க்கரையாகி, குடலின் இரத்தத்தில் கலக்கிறது. அந்த இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது என்றால், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாக வருவதுதான். இட்லியோ மாத்திரையோ மதுவோ, நாம் எதை விழுங்கினாலும் முதலில் அதன் கைக்குத்தான் போகிறது.

வந்த சர்க்கரையில் ஒரு பங்கை கிளைகோஜனாகக் கட்டி வைத்துக்கொள்ளும். பெரியவர்களின் கல்லீரலில் இது சுமார் 100 கிராம் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு விடிகாலை மூன்று மணிக்குக் குடலில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. மூளையோ தூக்கத்திலும் சர்க்கரை கேட்கும். அப்போது கட்டி வைத்ததை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது கல்லீரல். உங்கள் பிள்ளைகள் காலையில் எழுந்து பல் தேய்க்கப் போவது அந்தச் சேமிப்பில்தான்.

அப்புறம் நிறத்தைச் சொல்லுங்கள். இரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை மாற்றிப் பழுப்பாக்குகின்றன. மலத்துக்கு நிறம் வருவது இப்படித்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். என்றைக்காவது வீட்டில் யாருக்காவது மலம் வெளுத்துப் போனால் அவர்களுக்கு நினைவு வரும்.

பென்சில் சீவும்போது விரல் வெட்டுப்பட்டு இரத்தம் தானாக நிற்கிறதே, அதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதும் கல்லீரல். எடை ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ. வலது உள்ளங்கையை வலப்பக்க விலாவின் கீழ்ப்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். கைக்கு நேர் உள்ளே அது இருக்கிறது.

"என் மகனுக்கு 19 வயது. மஞ்சள் காமாலை, பிலிருபின் 6.8. மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கிறார். ஆஸ்பத்திரி வேண்டாம், உப்பில்லாத கஞ்சி மட்டும் போதும் என்கிறார். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பதும் உண்மையா?"
ஒரு தாய், ஆரணி

உங்கள் மாமியார் சொல்வதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். கீழாநெல்லிக்கு உலக மருத்துவத்தில் ஒரு கதை உண்டு, அது சென்னையில் நடந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து, அந்தக் கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். நான் அப்போது எம்.பி.பி.எஸ். மாணவி. எங்கள் விடுதியில் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் கைமாறிக்கொண்டே இருந்தது, எங்களுக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இன்றைக்கு ஹெபடைட்டிஸ் பி-க்கு அதை நம்பி யாரையும் என்னால் விட முடியாது. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்படியானால் ஊரில் அத்தனை பேருக்குக் குணமானது எப்படி? உங்கள் மகன் வயதில் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வருவது. அநேகம் பேருக்குச் சில வாரங்களில் உடம்பே அதை வென்றுவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும், கொடுத்ததுக்குப் பேர் வந்துவிடும். ஆனால் காமாலை என்பது ஓர் அறிகுறி மட்டுமே. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், சில மாத்திரைகளாலும், கட்டியாலும் அதே மஞ்சள்தான் வரும். எதனால் வந்தது என்று தெரிவதற்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள், பிலிருபின் எண்ணைவிட எனக்கு அதுதான் முக்கியம். மகன் அரைத் தூக்கத்தில் இருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். நோயில் இருக்கும் கல்லீரலால் சர்க்கரையைச் சேர்த்து வைக்க முடியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். இட்லி, பருப்புச் சோறு, பழம், மோர், முட்டை, அவனுக்கு எது இறங்குகிறதோ அது. உப்பை நிறுத்தத் தேவையில்லை. பழமொழியைப் பொறுத்தவரை, என்னிடம் வந்த காமாலை நோயாளி ஒருவர்கூட உலகம் மஞ்சளாகத் தெரிவதாகச் சொன்னதில்லை. கண்ணின் வெள்ளைப் பகுதி மற்றவர்களுக்குத்தான் மஞ்சளாகத் தெரியும்.

என் சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் காமாலை வந்தபோது ஊரில் ஒருவரிடம் இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டார். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். போய்ப் பார்த்தபோது முதுகெல்லாம் நகக்கீறல், வேட்டியில் சொறிந்த இரத்தக்கறை. பித்தம் வெளியேற வழியில்லாவிட்டால் அப்படி அரிக்கும். சித்தியிடம் கேட்டேன், மலம் என்ன நிறம் என்று. "ஒன்றரை மாசமா களிமண் மாதிரி வெள்ளையாத்தான் போகுது, இதையெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது" என்றார். பித்தக்குழாயின் முனையில் கட்டி. முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் அறுவை சிகிச்சைக்காவது வாய்ப்பு இருந்திருக்கும். அந்த "யார்கிட்ட சொல்றது" எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சொல்லுங்கள் தாயே, டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

"எங்கள் குழந்தை பிறந்து 38 நாள் ஆகிறது. கண்ணில் மஞ்சள் போகவில்லை. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள். எடை ஏறுகிறது, பால் நன்றாகக் குடிக்கிறான்."
ஓர் இளம் தந்தை, கோவில்பட்டி

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே இவரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசிவிட்டேன். மற்ற பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைகளில் பலருக்கு முதல் வாரம் மஞ்சள் வரும், இரண்டு வாரத்தில் போய்விடும். வெளிச்சம் அதைக் குறைக்கும் என்பது உண்மை. 1956 வாக்கில் இங்கிலாந்தின் எஸெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். அப்படி வைத்த ஒரு குழந்தைக்கு, துணி மூடிய இடத்தில் மட்டும் மஞ்சள் இருந்ததையும் வெயில் பட்ட இடம் வெளுத்திருந்ததையும் அவர் டாக்டருக்குக் காட்டினார். இன்றைக்குக் குழந்தைகள் வார்டில் எரியும் நீலவிளக்கு அதிலிருந்து வந்தது. ஒரு செவிலியர் கண்ணால் பார்த்துச் சொன்னது.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மஞ்சளுக்கு வெயில் மருந்தல்ல. 14 நாளைத் தாண்டினால் நேர்முக பிலிருபின், அதாவது கல்லீரல் கரையும்படி மாற்றிய பிலிருபின், சோதனை கட்டாயம். அது கூடியிருந்தால் பித்தக்குழாய் அடைத்துப்போன குழந்தையாக இருக்கலாம். இந்தக் குழந்தைகள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள், பால் குடிப்பார்கள், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். துணியைப் பாருங்கள். பச்சைக்குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக் கூடாது, துணியில் மஞ்சள் கறை படியக் கூடாது. மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். வெளுத்து, சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ இருந்தால் அந்தத் துணியையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். குடலை நேராகக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ஒவ்வொரு வாரமும் கணக்கு.

அந்த அறுவை சிகிச்சை கைகொடுக்காவிட்டாலும் வழி முடிந்துவிடாது. 1998 நவம்பரில் இதே நோயோடு காஞ்சிபுரத்திலிருந்து டெல்லிக்குக் கொண்டுபோன 20 மாதக் குழந்தைக்கு, அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர்.

"வயது 41. நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மது தொட்டதே இல்லை. மாஸ்டர் செக்கப்பில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். லிவர் டானிக் எடுக்கலாமா?"
கரூர் வாசகர்

தம்பி, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், நான் உங்களை நம்புகிறேன். குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்புக் கல்லீரல்தான் இன்றைக்கு அதிகம். 2023-இல் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மதுவை வைத்துப் பெயர் சொல்லாமல், வளர்சிதை மாற்றக் கோளாறை வைத்துச் சொல்கிறார்கள்.

மணப்பாறை டீச்சருக்குச் சொன்னேனே, சர்க்கரையைச் சேர்த்து வைக்க 100 கிராம் இடம்தான் என்று. அந்த இடம் நிரம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும். உங்கள் ஒருநாள் சாப்பாட்டை விவரமாக எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆறு இட்லி, பதினொரு மணிக்கு வடை, மதியம் மூன்று முறை சோறு, ராத்திரி பரோட்டா. நடுவில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டீயில் மட்டும் நாளுக்கு எட்டு ஸ்பூன். இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும்.

82 கிலோ எடையில் ஆறு கிலோ குறைத்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும், எட்டு கிலோ குறைத்தால் அழற்சியும் ஆறத் தொடங்கும். ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம். டீயில் சர்க்கரையை நிறுத்துவதிலிருந்து ஆரம்பியுங்கள். மதியம் சோற்றை ஒருமுறையோடு நிறுத்தி, பொரியலையும் சுண்டலையும் கூட்டுங்கள். கடை மூடியதும் பஸ்ஸுக்கு இரண்டு ஸ்டாப் நடந்துபோய் ஏறுங்கள். சர்க்கரை போடாத காபி குடிக்கலாம், காபி குடிப்பவர்களின் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டானிக் வேண்டாம். கல்லீரலுக்காகக் குடிக்கும் டானிக்கையும் அந்தக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். கிரேடு 1 என்று அலட்சியமும் வேண்டாம். இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. எல்லாம் பார்த்துவிட்டு, தழும்பு இருக்கிறதா என்று ஃபைப்ரோஸ்கேன் தேவையா என உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

"என் கணவருக்கு 56. நாலு வருடமாக சிரோசிஸ். குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வாரமாகப் பகலில் தூங்குகிறார், ராத்திரி முழித்துக்கொண்டு பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். நேற்று பால் நோட்டில் போட்ட கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. செய்வினை என்கிறார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?"
ஒரு மனைவி, சங்கரன்கோவில்

கொடுக்கவே கூடாது அம்மா. பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு, பொத்தான், கையெழுத்து, இந்த நான்கையும் எழுதியிருக்கிறீர்களே, பெரிய டாக்டர்களும் இதைத்தான் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். இது செய்வினை இல்லை. அம்மோனியா.

நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து குடல் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். சிரோசிஸில் கல்லீரல் முழுக்கத் தழும்பு. இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பக்கவழியாகச் சுற்றிப் போகிறது. சுத்தமாகாத அந்த இரத்தம் மூளைக்குப் போய்விடுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். அவரை உட்காரவைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கி விரல்களை விரித்து வைக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் பாருங்கள். கை தானாகத் தொங்கி, உடனே நிமிர்ந்து, மறுபடி தொங்கினால் அதுதான் அடையாளம். பறவை சிறகடிப்பதுபோல் இருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் நீங்கள் எழுதியதே போதும், நாளை என்று தள்ளாமல் அவரை மருத்துவமனையில் சேருங்கள்.

ஏதோ ஒன்று இதைத் தூண்டியிருக்கும். மலச்சிக்கலா? மலம் தார்போல் கறுப்பாகப் போகிறதா? காய்ச்சல், வயிற்று வீக்கம்? நீர் பிரிய எடுக்கும் மாத்திரை கூடிவிட்டதா? இவற்றை வரிசையாக டாக்டரிடம் சொல்லுங்கள். லாக்டுலோஸ் சிரப் கொடுப்பார்கள். தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகும்படி அளவைச் சரிசெய்ய வேண்டும், அதோடு அம்மோனியாவும் வெளியேறும். "பேதியாகிறது" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முன்பெல்லாம் பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வோம், நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது தவறு என்று தெரியும். புரதத்தை நிறுத்தினால் தசை கரைந்து நிலைமை மோசமாகும். படுக்கும் முன்னால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு ரொட்டியும் கொடுங்கள். உப்பு, அப்பளம், ஊறுகாய், கருவாடு மட்டும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் ஒரு பழைய டைரி எடுத்து, தினமும் காலையில் தேதியும் தன் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கோடு கோணலாகத் தொடங்கினால் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"இரத்ததானம் கொடுத்த இடத்தில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். தை மாதம் கல்யாணம். அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்."
27 வயது வாசகர், ஓசூர்

அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். இது சாப்பாட்டில் பரவாது, தொட்டால் பரவாது, ஒரே வீட்டில் இருப்பதால் பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழி. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், பெரியவர்களாகித் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அதனால் உங்களுக்கு இது சிறுவயதிலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம். யாரும் உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகிக்க இதில் இடமே இல்லை. அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை சோதனை செய்துகொள்ளட்டும்.

பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் பின்னால் வரும் வலி இந்தக் கிருமியைவிடப் பெரிது. அவருக்கு ஏற்கெனவே தொற்றோ பாதுகாப்போ இல்லை என்றால் மூன்று தவணைத் தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. பிறகு எதிர்ப்புச்சக்தி வந்ததா என்று இரத்தத்தில் பார்க்கலாம். அதுவரை ஆணுறை. குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, அது நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவை மட்டும் உங்களுடையது தனியாக இருக்கட்டும்.

உங்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிருமியின் அளவும் கல்லீரலின் நிலையும் சொல்லும். எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

"ஆட்டு ஈரல் சாப்பிட்டால் நம் ஈரலுக்குப் பலமா?" (திண்டுக்கல்)

ஈரலுக்கு என்று தனிப் பலம் கிடையாது, இரத்தத்துக்கு உண்டு. 1926-இல் பாஸ்டனில் மினாட், மர்ஃபி என்ற இரு டாக்டர்கள், சாவின் விளிம்பில் இருந்த ஒருவகை இரத்தசோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைச் சாப்பிடக் கொடுத்தே பிழைக்கவைத்தார்கள். 1934-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதில் இருந்தது வைட்டமின் பி12 என்று பின்னால் தெரிந்தது. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அது மண்ணீரல், இரும்புச்சத்து அதிகம். மிளகு போட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேண்டாம். வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் கருவுக்குக் கெடுதல்.

"பிராந்தியைவிட பீர் கல்லீரலுக்கு நல்லதா?" (பெயர் வேண்டாம் என்றவர்)

180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 40 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் எரிக்கும். பாட்டிலின் பெயர் அதற்குத் தெரியாது, கிராம் மட்டும்தான் தெரியும். பெண்களின் கல்லீரல் இன்னும் குறைந்த அளவிலேயே கெடும். நிறுத்திவிட்டால் ஆறும், நிறைய பேருக்கு ஆறியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

"காய்ச்சல் மாத்திரை கல்லீரலைக் கெடுக்குமா?" (கடலூர்)

பாராசிட்டமால் அளவோடு எடுத்தால் கெடுக்காது. பெரியவர்களுக்கு ஒருநாளில் நாலு கிராம் உச்சவரம்பு, குடிப்பவர்களும் மெலிந்தவர்களும் இரண்டோடு நிறுத்த வேண்டும். சளி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கும், அட்டையைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். யாராவது கூடுதலாக விழுங்கிவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். எட்டு மணி நேரத்துக்குள் அதற்கான முறிவு மருந்து ஏறினால் கல்லீரல் தப்பிவிடும். எலிக்கு வைக்கும் விஷப் பசையைக் குழந்தை தொட்டு வாயில் வைத்தாலும் இப்படித்தான், முதல் இரண்டு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்துவிட்டு அப்புறம் கல்லீரல் விழுந்துவிடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பசையை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

"அப்பாவுக்குக் கல்லீரல் மாற்று ஒன்றுதான் வழி என்றுவிட்டார்கள். நான் கொடுக்கத் தயார், வயது 26. அம்மா, 'உன் ஈரலை அறுத்துக்கொடுத்துவிட்டு நீ எப்படிப் பிழைப்பே, எனக்கு ஈரக்குலையே நடுங்குது' என்று அழுகிறார். திரும்ப வளரும் என்பது உண்மையா?"
ஒரு மகள், பட்டுக்கோட்டை

உண்மை. பெரியவருக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் வலப்பக்கப் பகுதியை எடுப்பார்கள், அது மொத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம். மிஞ்சியது அடுத்த நாளிலிருந்தே பெருக ஆரம்பிக்கும். வெட்டிய துண்டு அதே வடிவில் முளைக்காது. இருக்கும் பகுதி பருத்து, இரண்டு மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிடும். அப்பாவிடம் போனதும் அதுபோல் வளரும். வேறு எந்த உள்ளுறுப்பும் இப்படிச் செய்வதில்லை.

அம்மாவின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். கொடுப்பவர் உயிரிழப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பித்தப்பையை எடுத்துவிடுவார்கள். வயிற்றில் பெரிய தழும்பு இருக்கும். இரண்டு மூன்று மாதம் கனமான வேலை கூடாது. உங்கள் கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருந்தாலோ மிஞ்சுவது போதாது என்றாலோ அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள். 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி மகள் நெருங்கிய உறவு, அதனால் அனுமதி சிக்கலாக இருக்காது. ஆனால் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசும்படி கேளுங்கள், அப்பாவைப் பார்க்கும் டாக்டர் அல்லாத ஒருவர். கடைசி ராத்திரி வரை மனம் மாறலாம், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலிலும் அப்பாவின் பெயரை இப்போதே பதிந்து வையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது.

அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் சி.டி. ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். எந்த இடத்தில் வெட்டுவார்கள், உங்களிடம் எவ்வளவு மிஞ்சும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். கேட்க நினைப்பதை டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.